எந்த மூலை சிவந்திருக்கிறது?

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நான், அம்மா, அப்பா மூவரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முறுக்கிக்கொள்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? "நல்லாருக்கேன்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதே. போன கடிதத்தில் அப்படித்தான் முடித்தாய். அம்மா அந்த ஒரு சொல்லையே திருப்பித் திருப்பிப் படித்தாள். போனில் பேசலாம் என்றால், உங்கள் தீவிலிருந்து உன் குரலைவிடக் காற்றின் குரல்தான் அதிகம் கேட்கிறது. எனவே கடிதம்தான். ஒழுங்காக எழுது.

இப்போது முக்கியமான செய்தி. பள்ளிக் கண்காட்சிக்கு நான் எங்கள் நூலகத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீ படித்த காலத்தில் இருந்த அதே அறைதான். அங்கே புத்தகங்கள் வீங்குகின்றன, அண்ணா. கதைப் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் அட்டைகள் எல்லாம் நெளிந்துபோய், ஒன்றை இழுத்தால் பக்கத்துப் புத்தகமும் கூடவே வருகிறது. நூலக அக்காவைக் கேட்டால், "மழை வந்தா அப்படித்தாம்மா" என்கிறார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அறிவியல் டீச்சரிடம் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியை வாங்கி, தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக உட்கார்ந்து அளந்தேன். பாவாடை முழுக்க சாக்பீஸ் தூள்.

நீ வீட்டில் விட்டுப்போன கணினியில், நீ போட்டுவைத்த வரைபட மென்பொருளில், அந்த எண்களை எல்லாம் கொடுத்துப் பொத்தானை அழுத்தினேன். ஒரே நொடியில் நூலகம் வானவில்லாகிவிட்டது! காய்ந்த இடம் நீலம், நடுத்தரமான இடம் பச்சை, அதற்கு மேல் மஞ்சள், மிகவும் ஈரமான இடம் சிவப்பு. அம்மா "கண்ணாடிக் கடை மாதிரி இருக்கு" என்றாள்.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கதவு, ஜன்னல், அக்காவின் மேசை எல்லாம் குறித்திருக்கிறேன். எண்களை வேண்டுமென்றே எழுதவில்லை. உனக்கு ஒரே ஒரு கேள்வி: எந்த மூலை சிவந்திருக்கிறது? கடலின் அடியையே அளந்து படம் போடுகிறவனுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு என்று தெரியும். இருந்தாலும் நான் உன்னைத் தேர்வு வைத்துப் பார்க்க எவ்வளவு நாளாகக் காத்திருக்கிறேன்!

அடுத்த படகிலேயே பதில் வர வேண்டும்.

உன்
தங்கை


பிப்ரவரி 19

அன்புள்ள பெரிய மனுஷிக்கு,

ஒற்றைச் சொல் கூடாதாமே. சரி, விரிவாகவே எழுதுகிறேன். நான் நல்லாருக்கேன். காற்று அடிக்கிறது. துவைத்த காலுறை காய மாட்டேன் என்கிறது. சமையல்காரர் ரொட்டியைக் கருக்கிவிட்டு "பொன்னிறம்" என்று சாதிக்கிறார். அவர் சொன்னால் சரி, நிற விஷயத்தில் நான் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. அப்பாவை மாடிப்படி ஏற விடாதே. அம்மாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

படம் பிரமாதம். என் மேசைக்கு மேலே ஒட்டிவிட்டேன். கட்டம் போட்டு அளந்தாய் பார், அங்கேதான் நீ என் தங்கை. எனக்கே தேர்வா? கதவோர மூலை. சரிதானே?

அடுத்த முறை எண்களையும் சேர்த்து அனுப்பு. எண்தான் உடம்பு, நிறம் அதற்கு மேலே போட்ட சட்டை. இல்லையென்றால் கறுப்பு வெள்ளையில் அனுப்பினாலும் போதும். இங்கே பிரிண்டரில் கலர் மை தீர்ந்துபோயிருக்கிறது.

உன் பிறந்த நாளுக்கு நீ கேட்ட சிவப்பு ஸ்கார்ஃப் தனிப் பொட்டலமாக வருகிறது. கரைக்குப் போன அன்று கடையில் நானே பொறுக்கி எடுத்தேன்.

கடைசியில் நல்ல சேதி. எங்கள் அளவைப் படகை ஓட்ட இன்னொரு ஆள் எடுக்கிறார்கள். நிலையத் தலைவி மேடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்! குளிக்கும் தொட்டியில் சோப்பு டப்பாவை ஓட்டினவன் நான் என்பது உனக்குத் தெரியாது, அப்போது நீ பிறக்கவில்லை. அம்மாவைக் கேள். இரண்டு வருடமாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கடலைப் படமாகவே பார்த்தாயிற்று. இனி நேரில். ஜூன் முதல் வாரம் முடிவு. ஒரு எழுத்துத் தேர்வு, ஒரு நீச்சல், ஒரு கண் பரிசோதனை, அவ்வளவுதான். முதல் இரண்டுக்கும் கவலையில்லை. கண் பரிசோதனைக்குத்தான் இப்போதே உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.

என் படகில் முதலில் ஏறப்போவது நீதான். இப்போதே சொல்லிவிட்டேன்.

அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகம். அப்பா கீழ் அறைக்கு இடம் மாறிவிட்டார். அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாள் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

தப்பு, தப்பு, தப்பு! கதவோர மூலை பச்சை, அண்ணா. ஜன்னலோர மூலைதான் சிவப்பு. தக்காளி போலச் சிவந்து கிடக்கிறது. எப்படித் தவறவிட்டாய்? முட்டை மதிப்பெண் போட்டுச் சிவப்பு மையால் வட்டம் கட்டியிருக்கிறேன், பார்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். ஒன்று: நான் தாளில் அச்சடித்து அனுப்பும் படத்துக்கு உன் பிரிண்டரின் மை எதற்கு? இரண்டு: கண் பரிசோதனைக்கு யாராவது மனப்பாடம் செய்வார்களா? பார்ப்பதைச் சொன்னால் போதாதா?

ஸ்கார்ஃப் வந்தது. நான் வேறு ஏதோ எழுத ஆரம்பித்தேன். அம்மா வந்து பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப அழகா இருக்குன்னு எழுது" என்றாள். ரொம்ப அழகாக இருக்கிறது. தொட்டால் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்கிறது. என் தோழி அதற்குத் "தவளை" என்று பெயர் வைத்திருக்கிறாள். அவள் வாய் அப்படி, நீ ஒன்றும் நினைக்காதே.

படகு விஷயம் கேட்டு நான் குதித்தேன். சோப்பு டப்பா கதையை அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு ஏனோ சிரிக்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உன்
தங்கை


மார்ச் 23

அன்புள்ள தேர்வு அதிகாரிக்கு,

நலம். காலுறை காய்ந்துவிட்டது.

மூலை விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன். என் மேசை விளக்கு சரியில்லை. மனப்பாடம் என்றது சும்மா பேச்சுக்கு. எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்காதே அம்மா தாயே.

என் வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பாயே, இந்த முறை சொல்கிறேன். படகு கடலின் மேல் போய்வரும்போது ஒரு கருவி அடிவரை ஒலி அனுப்பி ஆழத்தை அளக்கும். அந்த எண்களை நான் படமாக்குவேன். படகுக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று வழி போடுவார்கள். என் திரையில் எல்லாவற்றையும் சாம்பலில்தான் வைத்திருப்பேன். பள்ளம் கறுப்பு, மேடு வெளுப்பு. மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டதும் வானவில்லுக்கு மாற்றிவிடுவேன், வகுப்பில் ஒளித்துவைத்துக் கதைப்புத்தகம் படிக்கிற உன்னைப் போல. அவருக்குப் படம் பளபளவென்று இருக்க வேண்டும். "பாக்கறவங்க அசந்து போகணும்பா" என்பார். நானும் தலையாட்டுவேன்.

வேலை நிறைய. அடுத்த கடிதம் தாமதமாகலாம்.

அண்ணன்


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக, சரியான விளக்கு வெளிச்சத்தில் இருப்பாய் என்று நம்புகிறேன்.

இங்கே பெரிய கூத்து நடந்துவிட்டது. என் வானவில் படத்தை நூலக அக்கா அலுவலகத்தில் கொடுத்து நகல் எடுத்தார். எங்கள் பள்ளி நகல் இயந்திரம் கறுப்பு வெள்ளை. அதில் என்ன ஆனது தெரியுமா? சிவப்பும் கறுப்பாகிவிட்டது, கருநீலமும் கறுப்பாகிவிட்டது! மிக ஈரமான மூலைக்கும் மிகக் காய்ந்த மூலைக்கும் வித்தியாசமே இல்லை. நடுத்தரமான இடங்கள்தான் வெள்ளை வெளேரென்று இருந்தன. தலைமை ஆசிரியை அந்த நகலைப் பார்த்து, "கறுப்பா இருக்கற மூலையில ஒரு புத்தகம் இருக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டார். ஆட்கள் வந்து, காய்ந்த மூலையில் சொகுசாக இருந்த அகராதிகளைத் தூக்கி நடு அறையில் குவித்தார்கள். ஈர மூலையில் இருந்த கதைப் புத்தகங்களை அதற்குள் மணி அடித்துவிட்டதால் அப்படியே விட்டுப் போய்விட்டார்கள். நான் போய் மூச்சிரைக்க விளக்கினேன். "உன் படம்தானேம்மா இது?" என்று கேட்டார்கள். என் படம்தான்.

அழகாக இருக்கிறது என்று அந்த நிறங்களை எடுத்தது என் தப்பு. ஒரு படம் எல்லார் கண்ணுக்கும் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டாமா?

இன்னொன்று. கண்காட்சிப் பலகைக்குத் தலைப்பு எழுத, பரணில் தேடியபோது உன் பழைய கிரேயான் டப்பா கிடைத்தது. ஒவ்வொரு கிரேயானின் அடியிலும் கத்தியால் கீறியிருக்கிறது. சிவப்பில் ஒரு கோடு. பச்சையில் இரண்டு. பழுப்பில் மூன்று. நீலத்திலும் மஞ்சளிலும் ஒன்றுமில்லை. அம்மாவிடம் காட்டிக் கேட்டேன்.

"எலி கடிச்சிருக்கும்" என்றாள்.

எண்ணத் தெரிந்த எலி போலிருக்கிறது.

வேறு ஒன்றும் இல்லை.

உன்
தங்கை


ஏப்ரல் 8

கண்ணா,

அம்மா எழுதறேன். உடம்பை பாத்துக்கோ. நான் கடுதாசி எழுதி எவ்வளவு நாளாச்சு, கை கோணல்மாணலா போகுது, பொறுத்துக்கோ.

அவ கண்டுபிடிச்சுட்டான்னு நெனைக்கிறேன். அந்த கிரேயான் டப்பாவை மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. அப்புறம் உன் ஸ்கார்ஃபை எடுத்து பச்சை கிரேயான் பக்கத்துல வச்சு பாத்தா. என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா தேவலாம்.

ஸ்கூல்ல மரத்துக்கு சிவப்பா இலை போட்டேன்னு உன்னை எல்லாரும் சிரிச்சாங்க, நீ அழுதுகிட்டு வந்தே. அன்னைக்குத்தான் நான் கோடு கீறினேன். யாருக்கும் தெரிய வேண்டாம்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சட்டைக்கு சட்டை, பென்சிலுக்கு பென்சில் மறைச்சு மறைச்சு வளத்துட்டேன். அது தப்பா சரியான்னு இப்ப யோசிக்கறேன்.

அந்த பரிசோதனைக்கு புள்ளிப் படத்தையெல்லாம் மனப்பாடம் பண்றேன்னு போன்ல சொன்னியே, அப்ப நான் ஒண்ணும் சொல்லல. நீ படகுன்னு சொல்லும்போது உன் குரல் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அதனால வாய் வரல. இப்பவும் சொல்ல மாட்டேன். நீ பெரியவன்.

சாப்பிடு. காதை மூடிக்கிட்டு வெளிய போ.

அம்மா


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. இரண்டு படகுகள் சும்மா வந்துவிட்டன. வேலை அதிகம் என்று எழுதியிருந்தாய், அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

என் படத்தைப் புதிதாகப் போட்டிருக்கிறேன். காரணம் அந்த நகல் இயந்திரம்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

மென்பொருளில் வண்ண வரிசைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டு, அச்சடித்து, நகல் எடுத்துப் பார்த்தேன். நகல் எடுக்கிற அண்ணன், "நூலகத்துக்கே இவ்வளவு படம்னா, ஊரை அளந்தா என்ன ஆகும்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். பலவற்றில் நடுவிலே ஒரு நிறம் திடீரென்று பளிச்சென்று முன்னால் வந்து நிற்கிறது. அந்த இடத்தில் உண்மையில் எதுவும் மாறவில்லை, நிறம்தான் மாறுகிறது. ஆனால் கண் அங்கே ஒரு கோடு இருப்பதாகச் சத்தியம் செய்கிறது. கடைசியில் ஒன்று கிடைத்தது. கருநீலத்தில் தொடங்கி, சாம்பல் வழியாக, மஞ்சளில் முடிகிறது. ஈரம் ஒரு படி கூடினால் வெளிச்சமும் சரியாக ஒரு படி கூடுகிறது, எங்கேயும் தாவாமல், எங்கேயும் தூங்காமல். நகலிலும் அதே செய்திதான். சிவப்பும் பச்சையும் அதில் இல்லவே இல்லை. அவை இல்லாமலேயே முழுப் படமும் வந்துவிடுகிறது என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

நேற்று துறைமுகங்களைப் பற்றி ஒரு புத்தகம் படித்தேன். படகு போகும் வழியின் இரு பக்கமும் மிதவைகள் கட்டியிருப்பார்களாம். ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் பச்சை. எதிரே வரும் படகு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையும் அதன் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் வைத்துத்தான் அறிவார்களாம். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. புத்தகம் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

உன் படகில் முதலில் நான் ஏற வேண்டும் என்று சொன்னாய். நீ கூப்பிட்டால் நான் ஏறுவேன். யோசிக்கவே மாட்டேன். அதுதான் எனக்கு

(இந்த வரியை முடிக்கத் தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

படம் இத்துடன் இருக்கிறது. கேள்வி பழையதுதான், சொல் மட்டும் மாற்றியிருக்கிறேன்: எந்த மூலை அதிக வெளிச்சமாக இருக்கிறது?

உன்
தங்கை


ஜூன் 8

என் தங்கைக்கு,

முதலில் உன் கேள்விக்குப் பதில். ஜன்னலோர மூலை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. விளக்குச் சாக்கு, மைச் சாக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அத்தோடு இன்னொன்றும் தெரிகிறது. கதவோரச் சுவரிலிருந்து நூலக அக்காவின் மேசையின் அடிவரை, நாக்கு நீட்டினாற்போல், சுற்றியிருப்பதைவிடக் கொஞ்சம் வெளிச்சமான ஒரு பட்டை. நீ கவனித்தாயா? வானவில்லில் அது பச்சைக்குள் பச்சையாகப் படுத்துத் தூங்கியிருக்கும், நல்ல கண் இருக்கிறவர்களுக்கும் தெரிந்திருக்காது. ஜன்னலிலிருந்து இவ்வளவு தூரத்தில் மழை ஈரம் வர வழியில்லை. மேசையை நகர்த்திப் பார்.

இப்போது உன் முடியாத வரி. அதை நான் முடித்துக்கொண்டேன்.

கண் பரிசோதனைக்கு மருத்துவர் வந்தார். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கம் எல்லாருக்கும் தெரிகிற மாதிரிதான் இருக்கும், சொன்னேன். இரண்டாவது பக்கத்துக்கு விடை நாக்கு நுனியில் நின்றது. எனக்கு அங்கே தெரிந்தது வெறும் புள்ளிகள். நீ படகின் முன்பக்கத்தில், அந்த ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பது போல ஒரு நினைப்பு வந்தது. யோசிக்கவே மாட்டேன் என்று எழுதியிருந்தாயே.

"எனக்கு ஒண்ணும் தெரியல டாக்டர்" என்றேன். "சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான். பொறந்ததுல இருந்தே."

"அப்புறம் எதுக்குப்பா வந்து உக்காந்தீங்க?" என்றார்.

"படகு ஓட்ட" என்றேன். அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தை மெதுவாக மூடினார்.

அதன் பிறகு மேடத்திடம் போனேன். உன் இரண்டு படங்களையும் கையோடு எடுத்துப் போனேன்.

"ரெண்டு வருஷமா வானவில் படத்தை எல்லாம் பாத்து தலையாட்டினியேடா!" என்று கத்தினார்.

"தலையாட்ட நிறம் தெரிய வேண்டியதில்லையே மேடம்" என்று வாய் தவறி வந்துவிட்டது.

வெளியே போகச் சொன்னார். நான் பார்த்து அனுப்பிய படங்களை எல்லாம் மறுபடி சரிபார்க்கும்வரை நான் எதையும் தொடக் கூடாது என்றார். அந்த நாட்களைப் பற்றி எழுத மாட்டேன். சாப்பாடு இறங்கவில்லை என்று மட்டும் அம்மாவிடம் சொல்லாதே.

சரிபார்ப்பதற்காக, உன் நூலகத்தின் அதே கருநீலம்-மஞ்சள் வரிசையில் எல்லாவற்றையும் அச்சடித்துக் கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள். படகு ஓட்டுகிற அண்ணன் டீ டம்ளரோடு வந்து வெகுநேரம் பார்த்தார்.

"இங்க ஒரு சுவர் இருந்துச்சே, எங்க போச்சு?"

கடலடியில் செங்குத்தாக ஏறுகிற இடம் என்று எல்லாரும் சுற்றிக்கொண்டு போகிற இடம் அது. எண்ணை எடுத்துப் பார்த்தால் சும்மா சரிவு.

"அது மஞ்சள் கலர்ல கட்டின சுவர்ணே" என்றேன்.

"அடப்பாவிங்களா, இவ்வளவு டீசலும் கலருக்கா!" என்றார். மேடம் காதில் விழுந்தது. நான் பார்த்து அனுப்பிய படங்களிலும் ஒரு தப்பு அகப்பட்டது, சின்னது, ஆனால் என்னுடையது. மறைக்காமல் கேட்டிருந்தால் வந்திருக்காது.

முடிவு இதுதான். படங்கள் மறுபடி என் கையில். வானவில் பெட்டிக்குள். படகு ஓட்டும் இடம் இன்னொருவருக்குப் போய்விட்டது. அதில் மேல்முறையீடு கிடையாது, இருக்கவும் கூடாது. வாரம் ஒரு நாள் ஆழக் கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் போகலாம் என்று மேடம் சொன்னார். இரக்கப்பட்டுச் சொன்னாரோ என்று முதலில் கோபம் வந்தது. பிறகு போனேன். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மௌனத்தை அப்படி எடுத்துக்கொண்டிருப்பாயோ என்று பயந்தேன்.

அண்ணன்


ஜூன் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகம், இந்த முறை நிஜமாகவே. உன் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அம்மா முடிவுவரை கேட்டுவிட்டு, "எலி இல்ல, நான்தான்" என்றாள். "தெரியும்மா" என்றேன். இருவரும் சிரித்தோம். பிறகு அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு, சாப்பாடு இறங்காத விஷயத்தைத் தன்னிடம் மறைக்கப் பார்த்தாயே என்று உன்னைத் திட்டினாள். அந்த வரியை நான் தாண்டிப் படித்திருக்க வேண்டும், மன்னித்துக்கொள்.

மேசையை நகர்த்தினோம்! நூலக அக்கா, "என் காலடியிலயா, இருக்கவே இருக்காது" என்று சொல்லிக்கொண்டே ஒரு பக்கம் தள்ளினார். தரை ஓடு ஒன்று ஆடியது. அடியில் குழாய் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. "மழை வந்தா அப்படித்தாம்மா" என்று யாராவது இனிமேல் சொன்னால் அக்காவே சண்டைக்குப் போவார். குழாய் அடைத்தாயிற்று. கதைப் புத்தகங்களும் காய்ந்த மூலைக்குப் போய்விட்டன, அங்கே திரும்பி வந்த அகராதிகளோடு நெருக்கியடித்துக்கொண்டு.

கசிவு கதவோரத்தில் என்பதால், பிப்ரவரியில் நீ சொன்ன பதிலுக்கு அரை மதிப்பெண் தரலாம் என்று தீர்மானித்திருக்கிறேன். முட்டையை அழித்துவிட்டேன்.

கண்காட்சியில் எனக்குப் பரிசு இல்லை. எரிமலை செய்த பையனுக்குப் போனது. அது சிவப்பாகப் பொங்கியது. மக்கள் அசந்துபோனார்கள்.

படகைப் பற்றி என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆறுதல் வார்த்தை எல்லாம் புத்தகத்தில் இருப்பது போலவே வருகிறது. எனவே இவ்வளவுதான்: அந்த இடம் உனக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. நீ ஆழக் கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாளில், உனக்குப் பக்கத்தில் உட்கார ஒரு இடம் இருக்குமா? நான் ஒல்லிதான்.

உன்
தங்கை


ஜூலை 2

அன்புள்ள பெரிய மனுஷிக்கு,

சுகம். ரொட்டி இன்றும் கருகியிருந்தது. முதல் முறையாகச் சமையல்காரரிடம், "இது பொன்னிறமா கறுப்பா, எனக்குத் தெரியாது, ஆனா கசக்குது" என்று சொல்லிவிட்டேன். அசந்துபோனார்.

இடம் இருக்கிறது. மேடத்திடம் கேட்டாயிற்று. மாதக் கடைசியில் விடுமுறையில் வருகிறேன், திரும்பும்போது உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வாந்தி எடுத்தால் நான் பொறுப்பில்லை.

ஒரே ஒரு கேள்வி. இப்போது என்னிடம் உண்மையைச் சொல்லலாம். பிறந்த நாளுக்கு அனுப்பினேனே, அந்த ஸ்கார்ஃப். அது என்ன நிறம்?

அண்ணன்


ஜூலை 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

தவளை நிறம். சாதாரணத் தவளை இல்லை, மழை பெய்து முடிந்ததும் கல் மேல் வந்து உட்காருமே, அந்தத் தவளை.

தினமும் கட்டிக்கொண்டுதான் பள்ளிக்குப் போகிறேன். மாற்றிக்கொடுக்கலாம் என்று மட்டும் கடைக்குப் பேசிவிடாதே, தர மாட்டேன். வரும்போது தொட்டுப் பார், ஓரத்தில் நூலால் இரண்டு கோடு தைத்திருக்கிறேன். உனக்குப் புரியும்.

வகுப்பில் யாராவது "இது என்ன கலர்?" என்று கேட்டால், "சிவப்பு, எங்க அண்ணன் வாங்கினது" என்கிறேன். தோழி மட்டும் வாயைத் திறப்பாள். நான் அவள் காலை மிதித்துவிடுவேன்.

படகுத்துறையிலும் அதைத்தான் கட்டியிருப்பேன். நிறத்தைத் தேடாதே, நான் கையை ஆட்டுகிறேன்.

உன்
தங்கை